எலுமிச்சை அடி மண்

— ஒரு வாய் தண்ணி கூடவா குடிக்க மாட்ட?

— வேண்டாம்டா. பையில பாட்டில் இருக்கு.

— நம்ம வீட்டுக்கு வந்து உன் பாட்டில்ல குடிக்கிற. இது புதுசா இருக்கே அக்கா.

— தொண்டை சரியில்ல. வெளித் தண்ணி ஒத்துக்காது.

— வெளித் தண்ணியா? நீ பொறந்து வளந்த வீட்டு பம்புத் தண்ணி இது. இதைக் குடிச்சுதான் பனைமரம் கணக்கா வளந்து நிக்கிற.

— நான் பனைமரம்னா நீ என்னவாம்? உன்னைப் போய் பொடியான்னு கூப்பிட்டோம் பாரு... சரி, குட்டி எங்க?

— பக்கத்துச் சந்துல துணி துவைக்கிறா. சத்தம் கேக்கலயா?

— கேக்குது. மாசமா இருக்கிற பொண்டாட்டிய கல்லுல துணி அடிக்க விட்டுட்டு, நீ கால் மேல கால் போட்டு உக்காந்திருக்க. மெஷின் வாங்கினீங்களே, அது எதுக்கு? பொம்மைக்கா?

— மெஷின்ல என் துணிய போட மாட்டேங்கிறா. மத்த துணியும் பாழாயிடுமாம். மண்ணு தோண்டுற வண்டி ஓட்டுறவன் துணின்னா கிரீஸ் இருக்காதா?

— அப்ப நீ துவைக்க வேண்டியதுதானே.

— நான் துவைச்சா அழுக்குப் போகலன்னு மறுபடியும் எடுத்து அடிப்பா. இந்த விஷயத்துல அவ அப்படியே அம்மாதான்.

— நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வரேன்.

— இரு இரு. அங்க ஒரே சோப்புத் தண்ணி, வழுக்கும். உக்காரு. குட்டி... அக்கா வந்திருக்கு.

— வாங்க அண்ணி. உக்காருங்க, இன்னும் கொஞ்சம்தான். கையெல்லாம் சோப்பு. என்னங்க, அண்ணிக்கு குடிக்க ஏதாவது குடுத்தீங்களா?

— குடுத்தா குடிக்கணுமே. உங்க அண்ணி சொந்தமா தண்ணி கொண்டு வந்திருக்காங்க.

— மெதுவா வா கண்ணு, அவசரம் ஒண்ணும் இல்ல.

— அவசரம் இல்லாமத்தான் வேலை நாள்ல பஸ் ஏறி வந்தியா?

— ஏன், வரக் கூடாதா?

— வரலாம். ஆனா நீ சும்மா வர ஆள் இல்ல. வந்ததுல இருந்து சுவரப் பாக்குற, தரையப் பாக்குற. என் மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டேங்கிற.

— பாக்கிற மூஞ்சியா அது... பொடியா, நீ இப்ப எங்க வேலைக்குப் போற? அந்த ரோட்டு வேலைதானே?

— ரோட்டு வேலைதான்.

— பழைய கம்பெனி எடத்துல மண்ணு அள்ளக் கூப்பிட்டாங்கன்னு சொன்னியே.

— கூப்பிட்டாங்க. நீதான் ஒத்தக் கால்ல நின்னு வேண்டாம்னுட்டியே. நீ சொல்லி நான் என்னிக்கு மீறியிருக்கேன்?

— என்னிக்குக் கேட்டிருக்கன்னு யோசிச்சுப் பாக்குறேன்.

— சரி, அதை விடு. உன் பூச்சிங்க எப்படி இருக்கு?

— பூச்சி இல்லடா. எத்தனை தடவ சொல்றது. பாக்டீரியா. கண்ணுக்கே தெரியாது.

— கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அப்பா கம்பெனி எண்ணெய அதுங்க தின்னு முடிச்சுதா இல்லையா?

— அது லேசுல தீருற எண்ணெயா? ட்ரான்ஸ்பார்மருக்குள்ள ஊத்துறதுக்காகவே செஞ்சது. தீப் புடிக்கக் கூடாது, கெட்டுப் போகக் கூடாதுன்னு செஞ்சாங்க. அவங்க கேட்ட மாதிரியே கெடாம கெடக்கு. கம்பெனி மூடி எவ்வளவு காலம் ஆச்சு, மண்ணுல நேத்து ஊத்தின மாதிரி இருக்கு.

— அப்ப உன் பாக்டீரியா?

— மண்ணுல கோடிக்கணக்குல இருக்கிறதுல ஏதோ ஒண்ணு ரெண்டுக்குத்தான் அந்த எண்ணெயத் திங்கத் தெரியும். அதுவும் சும்மா வராது. வேற சோறு கெடைக்காம, வருஷக்கணக்கா அந்த எண்ணெய்க்குள்ளயே கெடந்து, செத்தது போக மிச்சம் இருக்கிறது கத்துக்கும். அந்த மாதிரி ஆளைத் தேடிப் புடிச்சு, வளத்து, மறுபடியும் மண்ணுல விடுறதுதான் எங்க வேலை.

— பட்டினி போட்டுப் பழக்குறீங்க.

— அப்படித்தான் வச்சுக்க... பொடியா.

— ம்.

— எனக்கு ஒரு டப்பாவுல மண்ணு அனுப்பினியே.

— பிஸ்கட் டப்பாவுல. ஆமா. ஏன், அதுல ஏதாவது பிஸ்கட் மிச்சம் இருந்துச்சா?

— நான் எந்த மண்ணு கேட்டேன்?

— இது என்ன பரீட்சையா?

— சொல்லுடா.

— சுத்தமான மண்ணு கேட்ட. வண்டி போகாத எடம், யாரும் மருந்து கிருந்து தெளிக்காத எடம், மழை மட்டும் படுற எடம். எலுமிச்சை அடியில எடுன்னு சொன்ன.

— எலுமிச்சை அடியிலதானே எடுத்த?

— எலுமிச்சை அடியிலதான் எடுத்தேன்.

— கண்ணப் பாத்துச் சொல்லு.

— எலுமிச்சை அடியிலதான் அக்கா எடுத்தேன். என்ன ஆச்சு உனக்கு? ஒரு டப்பா மண்ணுக்கு இவ்வளவு விசாரணையா?

— அந்த மண்ணு எதுக்குன்னா... ஒப்பிட்டுப் பாக்க. கம்பெனி மண்ணு ஒரு பாட்டில்ல, சுத்தமான மண்ணு ஒரு பாட்டில்ல. ரெண்டுலயும் எண்ணெய விடுவோம். கம்பெனி மண்ணு கொஞ்சமாவது திங்கும். சுத்தமான மண்ணு திங்காது. அதுக்கு அந்த எண்ணெய் என்னன்னே தெரியாது இல்ல? அப்படியே சும்மா கெடக்கணும்.

— கெடக்கலயா?

— தின்னுடுச்சுடா.

— எது?

— நம்ம வீட்டு மண்ணு. கம்பெனி மண்ணு மாசக்கணக்கா இழுத்துக்கிட்டுக் கெடந்தத, இது ஒரு வாரம் போய்ப் பாக்குறதுக்குள்ள காலி பண்ணிடுச்சு.

— நம்ம வீட்டு ஆளுங்க சாப்பாட்டுல எப்பவுமே கெட்டிதானே.

— சிரிக்காத. நானும் மொதல்ல சிரிச்சேன். பாட்டில மாத்தி வச்சுட்டேன்னு நெனச்சு மறுபடியும் செஞ்சேன். மறுபடியும் தின்னுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டேன். அதையும் தின்னுச்சு. அதே மண்ண வேகவச்சு, உள்ள இருக்கிற உயிரெல்லாம் செத்த பிறகு ஒரு பாட்டில் வச்சேன். அதுல எண்ணெய் அப்படியே கெடக்கு. அப்ப மண்ணு இல்ல, மண்ணுக்குள்ள இருக்கிற ஏதோ ஒண்ணுதான் திங்குது.

— நல்லதுதானே அக்கா. நீ தேடின ஆள் வீட்லயே இருந்திருக்கு.

— எங்க லேப் பெரியவருக்கும் அப்படித்தான் ஒரே சந்தோஷம். எனக்குத்தான்... அந்த அறை எப்பவும் சில்லுன்னு இருக்கும். அலமாரியில இருக்கிற அத்தனை பாட்டிலும் சில்லுன்னு இருக்கு. இது ஒண்ணு மட்டும் வெதுவெதுன்னு இருக்குடா. கைய வச்சா எடுக்கத் தோணல. யாரோ கையப் புடிச்ச மாதிரி இருக்கு.

— போ அக்கா.

— மூடி பிதுங்கிக்கிட்டு நிக்குது. மூச்சு விடுது இல்ல, அந்தக் காத்து. ஒரு நாள் காலையில போனா அலமாரியில அது மட்டும் தனியா நிக்குது, மத்ததையெல்லாம் யாரோ தள்ளி வச்சிருக்காங்க. கேட்டா கூட வேலை பாக்குறவ சொல்றா, எனக்கு என்னவோ அது பக்கத்துல வேற எதையும் வைக்கப் புடிக்கல அக்கான்னு. காரணம் கேட்டா தெரியலங்கிறா. படிச்சவ.

— எனக்கு ஏன் இதெல்லாம் சொல்ற? பகல்லயே பயமா இருக்கு.

— தொறந்தா ஒரு வாசனை வருது. கெட்ட நாத்தம் இல்ல. எனக்குத் தெரிஞ்ச வாசனை. எங்கயோ, ரொம்பப் பக்கத்துல... ஞாபகம் வர மாட்டேங்குது. மத்தவங்களுக்கு மண் வாசனைதான் வருதாம்.

— சரி. இப்ப என்னங்கிற? மண்ணு தின்னா தின்னுட்டுப் போகுது. நீ ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்கிற?

— உனக்கு இன்னும் புரியலயா?

— புரியுற மாதிரி சொன்னாத்தானே.

— அந்த எண்ணெய்ல வருஷக்கணக்கா ஊறாத மண்ணுக்கு அதைத் திங்கத் தெரியாதுன்னு இப்பதானே சொன்னேன். நம்ம மண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படின்னா? நம்ம வீட்டுக்குக் கீழ அந்த எண்ணெய் இருக்குடா. நாம பொறந்ததுல இருந்து இருக்கு. அந்தத் தண்ணியத்தான் நீ குடிக்கிற, குட்டி குடிக்கிறா. உள்ள இருக்கிறதும் குடிக்குது.

— அம்மா தாயே, அப்படிச் சொல்லாத.

— சொல்லாம? அப்பா வீட்டுக்கு ட்ரம் ஏதாவது உருட்டிட்டு வந்தாரா? தோட்டத்துல எதையாவது பொதைச்சாரா? நல்லா யோசிச்சுப் பாரு.

— அப்பாவா? அந்த மனுஷன் கம்பெனியில இருந்து ஒரு ஆணி கூட எடுத்துட்டு வந்ததில்ல. பென்சில் கேட்டா கூட கடையில வாங்கிக்கன்னு சொல்லுவார். உனக்குத் தெரியாதா?

— தெரியும். அதான் குழம்புது. ஆனா அம்மாவ யோசிச்சுப் பாரு. ஈரல் கெட்டிருக்குன்னு சொன்ன டாக்டர் என்ன கேட்டார்?

— குடிப்பாங்களான்னு கேட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு...

— அந்தக் கம்பெனி வாசலத் தாண்டினதே இல்ல அம்மா. எண்ணெய்லயே குளிச்ச அப்பா அதுக்கப்புறமும் நல்லா இருந்துட்டு, தூக்கத்துல போனார். வீட்டோட கெடந்த அம்மா அப்படிப் போனாங்க. அப்ப வீட்லதானே ஏதோ இருக்கணும்? நான் குட்டிய கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கே. என் வீட்ல இருக்கட்டும், குழந்தை பொறந்து பாத்துக்கலாம். நீயும் வா.

— வீட்டைப் பூட்டிட்டா?

— பூட்டிட்டு. இனிமே இங்க வரவே வேண்டாம்.

— என்ன பேசுற நீ? நமக்குன்னு இருக்கிறது இந்த ஒரு வீடு. அவ தொட்டில் கட்ட எடம் கூட பாத்து வச்சுட்டா. ஒரு பாட்டில் வெதுவெதுன்னு இருந்துச்சுன்னு சொல்லி வீட்ட விட்டுப் போகச் சொல்றியே.

— என்னங்க... அந்த இன்னொரு சட்டை எங்க? நேத்து போட்டுட்டுப் போனீங்களே...

— அப்புறம் தரேன் குட்டி. நீ கையில இருக்கிறத முடி.

— இல்லங்க, அதுலதான் எண்ணெய் நிறைய...

— அப்புறம் தரேன்னு சொல்றேன் இல்ல.

— ஏன்டா அவகிட்ட எரிஞ்சு விழற?

— நீ சொல்றதக் கேட்டா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவகிட்ட எதுவும் சொல்லிடாத. ராத்திரி தூங்க மாட்டா.

— சொல்லித்தான் ஆகணும். நாளைக்கு ஆளு வரப் போறாங்க.

— எந்த ஆளு?

— எங்க லேப்ல இருந்து. பெரியவர் துடியா துடிக்கிறார். இந்த மாதிரி மண்ணு கெடைச்சா கம்பெனி எடம் முழுக்க சுத்தம் பண்ணிடலாமாம். ஒரு டப்பா பத்தாது, லாரி வேணும்னு நிக்கிறார். நான் விலாசம் குடுத்துட்டேன்.

— லாரி மண்ணா? எங்க எடுப்பாங்க?

— எலுமிச்சை அடியிலதான். வேற எங்க? மெஷின் வச்சுத் தோண்டுவாங்க.

— எவ்வளவு ஆழம்?

— ஆளுயரத்துக்கு மேல போவாங்க. எண்ணெய் எங்க இருந்து வருதுன்னு பாக்கணும் இல்ல?

— தோண்டக் கூடாது.

— ஏன்?

— கூடாதுன்னா கூடாது. மரம்... மரம் செத்துடும்.

— மரத்துக்கா பாக்குற? அம்மா கையால வச்ச மரம், எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அதுக்காக...

— எங்க போற?

— மரத்தப் பாக்க. இந்த ஜன்னல ஏன் சாத்தி வச்சிருக்க? வந்ததுல இருந்து பாக்குறேன்.

— கொசு வரும்.

— பட்டப் பகல்லயா? தள்ளு.

— அக்கா, வேண்டாம். தாழ்ப்பாள் இறுகிக் கெடக்கு, கைய நசுக்கிக்குவ.

— தள்ளுடா... பொடியா, இது என்ன?

— சிமெண்ட்.

— சிமெண்டுன்னு எனக்கும் தெரியுது. தோட்டம் எங்கடா? மரம் எங்க?

— வண்டி நிறுத்த எடம் இல்ல அக்கா. மழை பெஞ்சா ஒரே சேறு. அவ வழுக்கி விழுந்துடுவாளோன்னு பயம். அதான்... போட்டுட்டேன்.

— மரத்த வெட்டிட்ட.

— வேர் சுவருக்குள்ள போயிடுச்சு.

— அம்மா வச்ச மரத்த வெட்டிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. போன்ல கேக்கும்போதெல்லாம் நல்லா காய்க்குதுங்கிற.

— சொன்னா நீ ஆறு மாசம் பேச மாட்ட. எனக்கு உன்னத் தவிர யாரு இருக்கா?

— அழாத. இவ்வளவு பெரிய உடம்ப வச்சுக்கிட்டு... மரம் போனா போகுது. எப்ப வெட்டின?

— ரொம்ப நாளாச்சு. இவ வயித்துல உண்டாகுறதுக்கும் முன்னாடி.

— இரு. அப்ப நான் மண்ணு கேட்டப்ப இங்க மரமே இல்ல.

— இல்ல.

— மண்ணும் இல்ல. சுத்தி எல்லாம் சிமெண்ட்.

— ம்.

— எனக்கு அப்பவே தோணுச்சு. நம்ம வீட்டு மண்ணு களிமண்ணாச்சே, இது ஏன் இவ்வளவு பொலபொலன்னு இருக்குன்னு. எலுமிச்சை அடியில எடுத்தேன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னியே.

— எலுமிச்சை அடியிலதான் எடுத்தேன். வெட்டும்போது மனசு கேக்கல. ஒரு பதியன் எடுத்து வேற எடத்துல நட்டேன். அது புடிச்சுக்கிச்சு. நல்லா புடிச்சுக்கிச்சு. என் தோளுக்கு வந்துடுச்சு, காய் கூட வச்சிருக்கு. பறிக்கத்தான் மனசு வரல.

— எந்த எடத்துல?

— நீதானே சொன்ன. வண்டி போகக் கூடாது. மருந்து தெளிச்சிருக்கக் கூடாது. மழை மட்டும் படணும். அந்த மாதிரி எடம் எனக்கு ஒண்ணுதான் தெரியும்.

— எங்கடா?

— திட்ட மாட்டியே?

— சொல்லித் தொலை.

— அம்மாகிட்ட.

— சுடுகாட்டுலயா?

— தலைமாட்டுலதான் நட்டிருக்கேன். வாரா வாரம் போய் புல் எடுக்கிறேன் இல்ல, துணையா இருக்கட்டுமேன்னு. நீ மண்ணு கேட்டப்ப வேற எங்க போறது? அம்மாவ விட சுத்தமான எடம் எது இருக்குன்னு... ஒரு டப்பாதானே... அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு...

— பொதைச்ச எடத்துலயா எடுத்த?

— நாளைக்கு அங்க மெஷின் வந்தா நான் என்ன பண்ணுவேன் அக்கா? ஆளுயரத்துக்கு மேலன்னு சொல்றியே. அதான் சொல்லிட்டேன். இல்லன்னா செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

— மண்வெட்டி வச்சா எடுத்த?

— இல்ல. கையாலதான். மண்வெட்டி வைக்க மனசு வருமா? ஆனா தோண்டவே வேண்டியிருக்கல. மத்தவங்க எடத்துல எல்லாம் மண்ணு கல்லு மாதிரி கெடக்கு. அங்க மட்டும் கை முழங்கை வரைக்கும் போச்சு. ஈரமா, வெதுவெதுன்னு. வெயில் பட்டிருக்கும்னு நெனச்சேன்.

— அங்க வெயில் படாது. மதில் நிழல்.

— ஆமா... படாது இல்ல. அக்கா, திட்டிடு, பரவாயில்ல.

— ஞாபகம் வந்துடுச்சு.

— என்னது?

— அந்த வாசனை. சின்ன வயசுல மடியில படுத்தா வருமே. சோப்பும் அந்த எண்ணெயும் கலந்து... அம்மா வாசனைடா அது.

— அக்கா, வேண்டாம்.

— அங்க கம்பெனி இல்ல. ட்ரம் இல்ல. அந்த எடத்துல யாரும் எண்ணெய் ஊத்தல. அங்க நாம வச்சது ஒண்ணுதான்.

— அம்மாவத்தான் வச்சோம்.

— அம்மாகிட்டதான் இருந்திருக்கு. உடம்பு முழுக்க. அந்த மண்ணு திங்கக் கத்துக்கிற அளவுக்கு.

— அவங்க கம்பெனிக்கே போனதில்லயே. நீயே சொன்ன.

— போகல. அப்பா ஒரு ஆணி கூட எடுத்துட்டு வரலன்னு நீயும் சொன்ன. ஆனா தினமும் ஒண்ணு கொண்டு வந்தார். உடம்புல போட்டுட்டு வந்தார்.

— சட்டை...

— தினமும் கல்லுல போட்டு அடிப்பாங்க. எண்ணெய் போக மாட்டேங்குதுன்னு பொலம்பிக்கிட்டே. அம்மா கை எப்படி இருக்கும், ஞாபகம் இருக்கா?

— பளபளன்னு இருக்கும். எண்ணெய் தேச்ச மாதிரி எப்பவும் மினுங்கும். நான் கூட கேலி பண்ணுவேன், வேலை செய்யாத ராணி கைன்னு.

— அது வழியாத்தான் போயிருக்கு. சும்மா தோல் வழியா. இத்தனை வருஷமா.

— அந்தப் பாட்டில் இப்பவும்...

— திங்குது. அம்மா இன்னும் அந்த எண்ணெயத்தான் கழுவிக்கிட்டு இருக்காங்க.

— பேசாத அக்கா. கொஞ்ச நேரம் பேசாத.

— இன்னொண்ணும் இருக்கு. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னுதான் வந்தேன். என் ரத்தத்தையும் பாத்தேன். அதுலயும் இருக்கு. இந்தத் தண்ணியாலதான்னு நெனச்சுப் பயந்து ஓடி வந்தேன். தண்ணி இல்ல. பால்.

— பாலா?

— அந்த எண்ணெய் கொழுப்புல போய் உக்காந்துக்கும். வெளிய வராது. தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு மட்டும்தான் போகும். மூத்த பிள்ளைக்குத்தான் நிறைய போகும்பாங்க. அடுத்ததுக்குக் கொஞ்சம் கொறையும்.

— எல்லாத்துலயும் பெரிய பங்கு உனக்குத்தான்.

— ஆமா. எடுத்துக்கிட்டேன்.

— அக்கா, நான் விளையாட்டுக்குச் சொன்னேன்.

— தெரியும்டா. கிட்ட வா... உனக்கு மிச்சம் வச்சிருக்கேன் இல்ல, அது போதும். ஒண்ணும் ஆகாது. கண்ணத் தொடச்சுக்க.

— நாளைக்கு வர ஆளுங்களை...

— நான் பாத்துக்கிறேன். மண்ணு மாறிப் போச்சு, தம்பி எங்க எடுத்தான்னு அவனுக்கே தெரியலன்னு சொல்லிடுறேன். உன்ன முட்டாள்னு நெனைப்பாங்க. அதுல ஒண்ணும் பொய் இல்ல.

— அம்மாவ யாரும் தொட மாட்டாங்களே?

— தொட விடுவேனா? அந்தப் பாட்டிலையும் எடுத்துட்டு வந்துடுறேன். எடுத்த எடத்துலயே கொட்டிடலாம். நாம ரெண்டு பேரும் போகலாம்.

— அப்ப... நம்ம வீடு?

— நம்ம வீட்டுக்கு ஒண்ணும் இல்லடா. மண்ணு இங்க எடுக்கலயே. எங்க, அந்தத் தண்ணியக் குடு.

— குடிக்கிறியா?

— தாகமா இருக்கு. வந்ததுல இருந்து தொண்டை காயுது. அந்தப் பெரிய டம்ளர்ல குடு... ம். எத்தனை நாளாச்சு இந்தத் தண்ணி குடிச்சு.

— இன்னொண்ணு தரட்டா?

— போதும். குட்டிய எங்கயும் கூட்டிட்டுப் போகல. இங்கயே இருக்கட்டும். தொட்டில் கட்டட்டும். நான் என்னென்னவோ நெனச்சு, பஸ்ல வரும்போது அழுதுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா யாரு செத்துட்டாங்கன்னு கேட்டுச்சு. நம்ம அம்மாவோட அது முடிஞ்சு போச்சு. எங்கிட்ட இருக்கிறது எங்கிட்டயே இருக்கட்டும். எனக்குப் பிள்ளையும் இல்ல, நான் யாருக்கும் குடுக்கப் போறதில்ல. இந்தக் குழந்தைக்கு எதுவும் வராது. நல்லவேளை, அன்னிக்கு நான் சொன்னதக் கேட்டு நீ அந்தக் கம்பெனி எடத்துக்குப் போகல. போயிருந்தா தினமும் சட்டையில வந்திருக்கும். யாரு துவைப்பா? அவதானே துவைப்பா... ஏன்டா, ஏன் அப்படி நிக்கிற? பொடியா. ரோட்டு வேலைக்குத்தானே போற?

— ...

— அண்ணி, முடிஞ்சுது, இதோ வந்துட்டேன். என்னங்க, நேத்து அந்தப் பழைய கம்பெனிக்குப் போட்டுட்டுப் போன சட்டையும் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு, எடுத்து அலசிட்டேன். எவ்வளவு அடிச்சாலும் அந்த மண்ணுல இருக்கிற எண்ணெய் போகவே மாட்டேங்குது அண்ணி. என் கையப் பாருங்களேன், எப்படி மினுங்குதுன்னு.